சோமச் செடியைத் தேடி

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ராமநகரம் என்னும் ஊர் உள்ளது. ஊரைச் சுற்றிலும் யானைகள் படுத்திருப்பன போலக் கருங்கற் குன்றுகள். இவற்றைப் போன்ற வறண்ட பாறை நிலங்களில், தக்காணத்தின் பல பகுதிகளிலும், இலையே இல்லாத ஒரு கொடி புதர்களின்மேல் படர்ந்து தொங்குவதைக் காணலாம். பசிய தண்டு, விரற் பருமனுங்கூட இராது, கணுக்கணுவாகக் கிளைத்துச் செல்லும். ஒடித்தால் பால் வடியும். தமிழில் அதனைக் கொடிக்கள்ளி என்பர். ஆடு மேய்ப்பவர்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வேள்வி செய்யும் அந்தணர்கள் அதற்கு வழங்கும் பெயரோ சோமலதை. தேவர்களின் பானம் என்று வேதம் புகழும் சோமத்தைத் தென்னாட்டு வேள்விச் சாலைகளில் இந்தக் கொடியிலிருந்துதான் பிழிகிறார்கள்.

இந்தக் கொடிதான் உண்மையான சோமமா என்பது இன்றைய உரையின் முதற்கேள்வி. அது ஒரு தாவர நூற் கேள்வியாகத் தொடங்கி வேறோர் இடத்தில் கொண்டுபோய் விடுகிறது.

ரிக் வேதத்தில் 1028 பாடல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்பதாம் மண்டலத்தின் 114 பாடல்களும் சோமத்தைக் குறித்தே அமைந்தவை. ஒரு செடிக்கு இத்தனை பாடல்கள் பாடிய மக்கள் உலகில் வேறெங்கும் இருந்தார்களா என்பது ஐயம். கல்லால் இடித்து, ஆட்டு ரோமத்தில் வடிகட்டி, பாலோடும் தயிரோடும் கலந்து பருகிய அச்சாறு என்ன செய்தது என்று அப்பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பருகியவன் தன் உடலின் எல்லையை மறக்கிறான். பத்தாம் மண்டலத்துப் பாடல் ஒன்றில் பேசுகின்றவன் தனக்குச் சிறகுகள் முளைத்துவிட்டதாகவும், வானமும் பூமியும் சேர்ந்தும் அவற்றுள் ஒரு சிறகுக்கு ஈடாகா என்றும் மகிழ்கிறான். ஆறும் மழையும் ஒளியும் தன்னுள்ளேயே ஓடுவதாக உணர்ந்த ஒருவனுடைய மொழியை அப்பாடல்களில் காண்கிறோம். செடி எங்கே விளைந்தது என்றும் வேதம் சொல்கிறது. அது மலையில், முஞ்சவான் என்னும் மலையில் பிறந்தது. மலையிலிருந்து வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகிறேன்.

இத்தகைய பொருள்களை ஆங்கிலத்தில் 'சைக்கடெலிக்' என்ற சொல்லால் குறிக்கின்றனர். மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் 1950களில் கிரேக்க மொழியிலிருந்து ஆக்கிய சொல் அது. மனத்தை வெளிப்படக் காட்டுவது என்பது அதன் பொருள். அலுவலகத்தில் மொழிபெயர்ப்பே தொழிலாக உள்ள எனக்கு, இச்சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் எது என்பது நெடுநாளைய தொல்லை. 'போதைப்பொருள்' என்று எழுதினால் சட்டம் சம்மதிக்கும், பொருள் சம்மதிக்காது. கள்ளும் கஞ்சாவும் அபினும் அந்தச் சொல்லின்கீழ் ஒரே வரிசையில் நின்றுவிடுகின்றன. ஆனால் பழையவர்கள் இவற்றைப் பிரித்தே பார்த்தார்கள். சதபத பிராமணம், சோமம் வாய்மை, செல்வம், ஒளி என்றும், சுரை என்னும் மது பொய், துன்பம், இருள் என்றும் வெளிப்படையாக எதிரெதிரே நிறுத்துகிறது. நம்முடைய பழந்தமிழிலும் தெளிந்த கள்ளுக்குத் 'தேறல்' என்று பெயர். தேறுதல் என்றால் தெளிதல். வேலன் ஆடுவது வெறியாட்டு. அங்கே வெறி என்பது குடிவெறி அன்று, தெய்வம் ஏறிய நிலை. மயங்குவதற்கும் தெளிவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த மொழிதான் நம் மொழி. பிற்காலத்தில் எல்லாவற்றையும் போதையில் அடக்கிவிட்டோம்.

இனித் தேடியவர்களின் கதைக்கு வருவோம்.

ஐரோப்பியரில் இந்தக் கொடியை முறையாக வருணித்தவர்களுள் முற்பட்டவர் வில்லியம் ராக்ஸ்பரோ. சென்னை மாகாணத்தில் சாமல்கோட்டையில் பல ஆண்டுகள் பணியாற்றி, பிறகு கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவரானவர். கொடியின் பால் புளிப்பாக இருந்தமையால் அதற்கேற்ற இலத்தீன் பெயர் சூட்டினார். வழிப்போக்கர்கள் தாகந்தணிய அதன் இளந்தண்டை உறிஞ்சுவதுண்டு என்றும் எழுதிவைத்தார். தாகந்தணிக்கும் தண்டு! வேதப் பாடல்கள் விவரிக்கும் பெருங்களிப்புக்கும் இதற்கும் வெகுதூரம். புனாவில் பணியாற்றிய ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் ஹாக் இன்னும் ஒருபடி சென்றார். வேள்வியாளர்கள் பிழிந்த சாற்றைப் பன்முறை தாமே சுவைத்துப் பார்த்தார். கைப்பு; சிறிது மயக்கமும் உண்டு; ஆனால் சில தேக்கரண்டிக்குமேல் உள்ளே செல்லவில்லை. இது வேதத்துச் சோமம் அன்று என்று 1863ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐதரேய பிராமணப் பதிப்பில் எழுதிவிட்டார். எவ்வளவோ நூல்களை ஆராய்ந்து முடிவு கட்டுபவர்களுக்கிடையே, நாக்கை நம்பிய இந்த அறிஞரிடம் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

அதன்பின் தேடல் வடமேற்கே சென்றது. 1884ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானத்தின் எல்லையை வரையறுக்கச் சென்ற ஆணைக்குழுவுடன் எய்ச்சிசன் என்னும் தாவரநூல் வல்லுநர் போனார். ஹரிரூட் பள்ளத்தாக்கில் எஃபெட்ரா என்னும் இலையற்ற புதர்ச்செடியை அங்குள்ளோர் 'ஹும்', 'ஹுமா' என்ற பெயர்களால் அழைப்பதை அவர் குறித்துவந்தார். சோமம் என்ற சொல்லே பாரசீக வேதமாகிய அவெஸ்தாவில் ஹோமம் என ஒலிக்கும். ஜரதுஷ்டிர சமயத்தார் தம் வழிபாட்டிற்குப் பயன்படுத்தும் செடியும் எஃபெட்ராவே. எனவே அதுவே பழைய சோமம் என்று பலர் கருதினர், இன்றும் கருதுவர். அதிலுள்ள எஃபெட்ரின் என்னும் மருந்து ஆஸ்துமாவுக்கு உதவும், தூக்கத்தை விரட்டும், ஆனால் சிறகு முளைத்ததாக எண்ணச் செய்யாது. துர்க்மேனிஸ்தானத்தில் பழைய கோயில் எனக் கருதப்பட்ட இடங்களைத் தோண்டியவர், அங்குக் கிடைத்த கலங்களில் எஃபெட்ராவும் கஞ்சாவும் இருந்த தடயம் கண்டதாக அறிவித்தார். நெதர்லாந்து அறிஞர் ஒருவர் அக்கலத்துண்டுகளை மறுபடி ஆராய்ந்து, அங்கே இருந்தது சாதாரணத் தினையினத் தானியந்தான் என்று 2003ஆம் ஆண்டில் எழுதினார்.

எல்லோரையும் வியக்கவைத்த கருத்தை வெளியிட்டவர் அமெரிக்கர் கார்டன் வாசன். தொழிலால் வங்கி அதிகாரி. ஆர்வத்தால் காளான் ஆராய்ச்சியாளர். வேதம் சோமத்தின் வேரையோ இலையையோ பூவையோ விதையையோ எங்கும் பேசவில்லை; ஆகவே அது செடியே அன்று, செந்நிறக் குடையில் வெண்புள்ளி கொண்ட ஒரு மலைக்காளான் என்று 1968ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டார். கேம்பிரிட்ஜ் வடமொழிப் பேராசிரியர் ஜான் பிரஃப் அதனை 1971இல் விரிவாக மறுத்தார். சோமம் பருகிய இந்திரன் போருக்குப் புறப்படுகிறான். அந்தக் காளானை உண்டவனோ பெரும்பாலும் சோர்ந்து கிடப்பான் என்பது அவர் எழுப்பிய தடைகளுள் ஒன்று. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆனால் வாசனின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது சோமநூல் அன்று. அதற்கு முன் நடந்ததொன்று. 1955ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் மெக்சிகோவின் வாகாக்கா மலைப்பகுதியிலுள்ள ஹுவாட்லா என்னும் சிற்றூரில், மாரியா சபினா என்னும் மசாட்டெக் இனத்து மூதாட்டியின் இரவுச் சடங்கில் அவர் கலந்துகொண்டு அங்குள்ள காளானை உண்டார். அந்த அம்மையார் அதை நோயாளிகளுக்காகவே பயன்படுத்தி வந்தவர். காளான்களைப் 'பிள்ளைகள்' என்று அழைப்பார். நோய் எங்கிருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் தமக்குச் சொல்லுமென நம்பியவர். 1957 மே மாதத்தில் வாசன் 'லைஃப்' வார இதழில் தம் அனுபவத்தை எழுதினார். அம்மையாரின் பெயரை மாற்றித்தான் எழுதினார். ஆயினும் இடம் தெரிந்துவிட்டது. மறு ஆண்டே சுவிட்சர்லாந்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் அக்காளானின் சாரத்தைப் பிரித்தெடுத்து 'சைலோசைபின்' எனப் பெயரிட்டார். 1943இல் எல்.எஸ்.டி.யின் வேலையைத் தம் உடலிலேயே கண்டறிந்தவரும் அவரே. 1960களில் வெளிநாட்டு இளைஞர் கூட்டம் ஹுவாட்லாவை மொய்த்தது. போலீசார் வந்தனர். மாரியா சபினாவின் வீடு எரிக்கப்பட்டது. வெளியார் வந்த நாளிலிருந்து பிள்ளைகள் தம் ஆற்றலை இழந்துவிட்டன என்று முதுமையில் அவர் சொன்னதாகப் பதிவாகியுள்ளது. 1985இல் வறுமையிலேயே மறைந்தார்.

காளானின் இரசாயனம் மாறியிருக்க முடியாது. அப்படியானால் அவர் இழந்தது எது?

இந்த இடத்தில் அண்மைக்கால ஆய்வுகளைச் சிறிது குறிப்பிடுதல் பொருந்தும். லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2018இல் வெளியிட்ட ஒரு சிற்றாய்வில், மருந்துக்கு இணங்காத மனச்சோர்வு உடைய 7 பேருக்குச் சைலோசைபின் கொடுத்தபின், இயற்கையோடு தமக்குள்ள உறவு வலுப்பட்டதாக அவர்கள் உணர்ந்தனர் என்றும், அவ்வுணர்வு பல மாதங்கள் நீடித்தது என்றும் கண்டனர். 2019இல் வந்த மற்றொன்று, இத்தகைய பொருளைத் தாமாகவே உட்கொள்ள இருந்த 654 பேரிடம் முன்னும் பின்னும் கேள்விகள் கேட்டுத் திரட்டியது. அவர்களிடமும் இயற்கையுறவு மிகுந்தது. அனுபவ நேரத்தில் சூழ்ந்திருந்த மரமும் புல்லும் வானும் தம்மைப் பாதித்ததாகச் சொன்னவர்களிடம் அது கூடுதலாக மிகுந்தது. 7 பேர் என்பது ஒரு பந்தியில் ஓர் ஓரம். தாமே விரும்பி வந்தவர்களின் சொல்லை எல்லார்க்கும் பொதுவாக்கவும் இயலாது. இவற்றைக் கொண்டு பெரிய கோட்டைகள் கட்டுவதற்கில்லை. ஆனாலும் ஒன்று தெரிகிறது. சாறு மட்டும் வேலை செய்யவில்லை. சாறு பருகிய இடமும் வேலை செய்கிறது.

இதை நம் பழைய வேள்வி நூல்கள் வேறுவகையில் அறிந்திருந்தன என்றே எண்ணுகிறேன். சோமச் செடி ஆரியர் கிழக்கும் தெற்கும் பரவப் பரவக் கிடைத்தற்கு அரியதாயிற்று. என்ன செய்வது? சதபத பிராமணம் பதிலிகளை வரிசைப்படுத்துகிறது. சோமம் கிடைக்காவிட்டால் செம்பழுப்புப் பூவுடைய பால்குனச் செடி, அதுவும் இல்லையேல் வேறு இரு செடிகள், பின்னர் அருகம்புல், கடைசியாக மஞ்சள் நிறத் தருப்பை. தாண்டிய பிராமணம் பூதீகம் என்னும் செடியைச் சொல்லும். புல்லைப் பிழிந்து குடித்தால் எவனுக்குச் சிறகு முளைக்கும்? களிப்பு ஒழிந்தது, அதை அவர்கள் அறிந்தேயிருந்தனர். ஆயினும் செடியை நடத்தும் முறையை ஓர் எழுத்துக்கூட விடவில்லை.

அம்முறை வியப்பானது. சோமத்தை 'அரசன்' என்றே அழைக்க வேண்டும். அதனைப் பறித்துவந்து விற்பவனிடம் பசுவைக் காட்டி விலைபேச வேண்டும். அவன் ஒவ்வொரு விலைக்கும் 'சோம அரசர் இதற்கும் மேலானவர்' என்பான். பேரம் முடிந்ததும் அரசனைத் துணியில் சுற்றி வண்டியிலேற்றி, ஊர்வலமாகக் கொண்டுவந்து, வீட்டுக்கு வந்த விருந்தினனுக்குச் செய்வதுபோல் விருந்தோம்பும் சடங்கு நடத்துவர். வாடாமல் இருக்க நாள்தோறும் நீர் தெளித்துப் பருக்கச் செய்வர். பிழியும் வேளையில், பிழிவதென்பது கொல்லுவதாகும் என்பதையும் நூல்கள் மறைக்கவில்லை. உண்ணப்படும் செடிக்கு உயிர் உண்டு, பதவி உண்டு, அதற்கு நாம் கடன்பட்டவர்கள் என்ற உணர்வு இது.

ஆனால் அச்சடங்கில் மற்றொன்றும் உள்ளது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. பேரம் முடிந்தபின், விற்றவனுக்குக் கொடுத்த பொன்னைப் பறித்துக்கொண்டு அவனை அடித்து விரட்டுவதும் சடங்கின் ஒரு பகுதியே. சோமம் விற்பவனைத் தரும நூல்கள் பாவியர் வரிசையில் வைத்தன. மலையிலேறிச் செடியை அடையாளங்கண்டு பறித்தவன் அவனே. செடியோடு முதல் உறவு அவனுடையதே. செடி அரசனாயிற்று, கொண்டுவந்தவன் துரத்தப்பட்டான். ஹுவாட்லாவில் நடந்தது இதற்கு வெகுதூரமில்லை.

தமிழகத்திலும் வேள்விகள் பழமையானவை. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்ற பெயரே சான்று. அவனுடைய வேள்வி முடிந்தபோது ஓர் அந்தணனுக்குக் கொடுத்த ஊர் வேள்விக்குடி என்று எட்டாம் நூற்றாண்டுச் செப்பேடு கூறுகிறது. சோம யாகம் செய்தவர் சோமயாஜி; அச்சொல்லே தமிழில் 'சோமாசி' ஆயிற்று. நாயன்மார் அறுபத்து மூவருள் ஒருவரான அம்பர்ச் சோமாசிமாற நாயனாரின் பெயரில் அது நிலைத்திருக்கிறது. (சோமாஸ்கந்தர் என்ற பெயரை இதனோடு இணைத்து விடலாகாது, அது உமையோடும் கந்தனோடும் இருப்பவர் என்ற பொருளுடையது. நண்பர் ஒருவர் இதில் என்னோடு ஒரு மாலை முழுதும் வாதிட்டார்.) அம்பர் மாகாளத்தில் வைகாசி ஆயில்யத்தன்று நடக்கும் விழாவில் வழங்கும் கதையை நேயர்களில் காவிரிக்கரைக்காரர்கள் அறிவர். சோமாசிமாறரின் யாகத்துக்குச் சிவபெருமான் புலையர் வேடத்தில், இறந்த கன்றைத் தோளிற் சுமந்து, பறை முழங்க வந்தாராம். வேள்வி கெட்டதென்று வேதியர் ஓடினர்; சோமாசியார் மட்டும் ஓடாது நின்று வரவேற்றார். வரலாறென்று இதைக் கொள்ள முடியாது. ஆனால் சோமம் விற்றவனை அடித்துத் துரத்திய அதே யாகசாலையின் வாசலில், துரத்தப்படும் குலத்தவனாகவே இறைவனைக் கொண்டுவந்து நிறுத்திய தமிழ்க் கற்பனை எதை நினைத்து அவ்வாறு செய்தது என்று எண்ணிப்பார்க்கிறேன்.

கேரளத்து நம்பூதிரிகளிடம் இம்முறை அறுபடாமல் வந்தது. 1975 ஏப்ரலில் திருச்சூர் மாவட்டத்துப் பாஞ்ஞாள் என்னும் ஊரில் 12 நாள் அக்கினிசயனம் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஃபிரிட்ஸ் ஸ்டால் என்னும் டச்சு அறிஞரின் முயற்சியால் அது ஒலியிலும் படத்திலும் பதிவாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட செங்கற்களால் பறவை வடிவில் மேடை எழுப்பினர். ஆட்டுப்பலிக்கு எதிர்ப்பு எழவே, ஆட்டுக்குப் பதிலாக அரிசி மாவுப் பண்டத்தை வாழையிலையில் பொதிந்து வைத்தனர்; பதிலி தேடும் பழைய மரபில் அதுவும் ஒன்று. சோமமாகப் பிழியப்பட்டது நாம் முதலிற் கண்ட அந்தக் கொடிக்கள்ளிதான். நம்பூதிரி வேள்விகளுக்குச் சோமக்கொடியை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து அளிப்பது கொல்லங்கோட்டு அரச குடும்பத்தின் மரபுரிமை. கொல்லங்கோடு பொள்ளாச்சிக்கு மேற்கே, தென்மலை அடிவாரத்தில் உள்ள ஊர். கொடி எங்கும் கிடைப்பதுதான். ஆயினும் குறித்த மலையிலிருந்து குறித்த கை வழியே வரவேண்டும் என்பது முறை.

விவேக் நகரில் நான் குடியிருக்கும் தெருவில் மண் என்பது தொட்டியளவே. ஆனால் மொட்டைமாடிகளைப் பார்த்தால், பெரும்பாலான தமிழர் வீடுகளில் ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு பதியன் இருக்கும். கறிவேப்பிலைக் கன்று பெங்களூரில் எங்கும் விலைக்குக் கிடைக்கும். இருந்தும் அண்டைவீட்டு அம்மையார் தம் கன்று திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை வருவோரிடமெல்லாம் தவறாமற் சொல்வார். கொல்லங்கோட்டுக் கதையைப் படித்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

மற்றபடி, செடியைத் தேடும் கூட்டம் நம் மலைகளுக்கும் வந்துவிட்டது. கொடைக்கானற் புல்வெளிகளில் மழைக்குப் பின் முளைக்கும் ஒருவகைக் காளானைத் தேடி வெளியூர் இளைஞர் வருவதும், விற்றவர்கள் கைதாவதும் செய்தித்தாள்களில் அவ்வப்போது வருகின்றன. சைலோசைபின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் தடைசெய்யப்பட்டது. நஞ்சுக்காளானைப் பிரித்தறியாமல் உண்பவருக்குச் சட்டத்தைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. அங்கேயும் அகப்படுபவன் பெரும்பாலும் பறித்துக்கொடுத்த உள்ளூரானாகவே இருக்கிறான்.

பாஞ்ஞாளில் கடைசி நாளன்று, மூன்று வேளையும் பிழிந்து சாறற்றுப்போன சோமச் சக்கையை யாரும் குப்பையில் எறியவில்லை. வேள்வி முடித்து நீராடும்போது அதனை நீரில் விட வேண்டும் என்பது விதி. வேட்டவனும் அவன் மனைவியும் நீராடிக் கரையேறினர். பிறகு வேள்விச்சாலைக்குத் தீ வைத்தார்கள்; 12 நாள் நின்ற ஓலைக்கூரை சிறிது நேரத்தில் எரிந்து தணிந்தது.